பகல் தூக்கம் விழிப்பில் தொடங்குகிறது

கைக்குழந்தை உள்ள வீட்டில் பகல் தூக்கத்தைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு இருக்கும். பகலில் தூங்கவிட்டால் ராத்திரி கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருக்கும் என்பார் ஒருவர். தூளியில் போட்டே பழக்கினால் அப்புறம் பாயில் படுக்கவே படுக்காது என்பார் இன்னொருவர். கைப்பேசிச் செயலியோ காலை ஒன்பதுக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று என்று அட்டவணை போட்டுத் தந்துவிடுகிறது. மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: குழந்தையின் தூக்கத்தை நாம் நினைத்தபோது கொடுக்கலாம், நினைத்தபோது நிறுத்தலாம் என்பது. குழந்தை மருத்துவமும் தூக்க ஆய்வும் இந்த எழுபது ஆண்டுகளில் சேர்த்து வைத்திருப்பதைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. தூக்கத்தை யாரும் யாருக்கும் ஊட்டிவிட முடியாது. பெற்றோரின் கையில் உள்ளது தூக்கத்துக்கு முந்தைய விழிப்பு மட்டுமே. அது எவ்வளவு நேரம் நீள்கிறது, எந்த வெளிச்சத்தில் கழிகிறது, எப்படி முடிகிறது என்பதைக் கவனித்தால் பகல் தூக்கம் பெரும்பாலும் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டுத் தூளியை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் வராது.

பிறந்த குழந்தைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். சிகாகோவில் தூக்க ஆய்வாளர் நத்தானியேல் கிளைட்மன் 19 குழந்தைகளின் தூக்கத்தை மூன்றாவது வாரத்திலிருந்து ஆறு மாதம்வரை பதிவு செய்து, சக ஆய்வாளர் எங்கல்மனுடன் சேர்ந்து 1953-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் தூக்கம் இருபத்து நான்கு மணி நேரத்திலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. மாதம் ஏற ஏற இரவில் நீளமாகத் திரண்டது, பகலில் சில தூக்கங்களாக அடங்கியது. இது ஏன் என்பதற்கு இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கத்தை 1982-இல் சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேலி முன்வைத்தார். தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடலில் தூக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, தூங்கினால் வடிகிறது. இது முதல் விசை. பகல் எது இரவு எது என்று உடலுக்குச் சொல்லும் மூளைக் கடிகாரம் இரண்டாவது. பிறந்த குழந்தையிடம் இந்தக் கடிகாரம் இன்னும் சரியாக ஓடத் தொடங்கியிருப்பதில்லை. இருட்டியதும் சுரக்க வேண்டிய மெலட்டோனின் அதன் உடலில் ஒரு தாளத்துக்கு வரவே ஏறக்குறைய மூன்றாவது மாதம் ஆகிறது. அதுவரை இரவு நேரத் தாய்ப்பாலில் வரும் கொஞ்சம் மெலட்டோனின்தான் இரவல். ஆக, முதல் மூன்று மாதமும் பெரும்பாலும் வேலை செய்வது தூக்க அழுத்தமே. ஒன்பது மணி, பன்னிரண்டரை மணி என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குப் பொருளற்ற எண்கள்.

அந்த அழுத்தம் குழந்தையிடம் மிக வேகமாக ஏறுகிறது என்பதுதான் பலரும் கணக்கில் எடுக்காத செய்தி. முதல் வாரங்களில் பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றி முடிப்பதற்குள் முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகிவிடும். அந்த வயதில் விழித்திருக்க முடிவது அவ்வளவே. மூன்று நான்கு மாதத்தில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணிவரை தாங்கும். ஆறு மாதத்தில் இரண்டு முதல் மூன்று, ஒரு வயதை நெருங்கும்போது மூன்று முதல் நான்கு. இவை ஆய்வகத்தில் அளந்து நிறுவிய எண்கள் அல்ல. குழந்தை மருத்துவர்களும் பல பிள்ளைகளை வளர்த்தவர்களும் பார்த்துப் பார்த்துச் சொல்லும் தோராயம், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிகப் பெரிது. சூரிச்சில் 493 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003-இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதக் குழந்தையின் ஒரு நாள் தூக்கம் சராசரியாக 14.2 மணி நேரம். ஆனால் பத்தரை மணி நேரமே தூங்கியவையும் பதினெட்டு மணி நேரம் தூங்கியவையும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்குவதற்கு இதில் இடமே இல்லை.

எனவே கடிகாரத்தைவிட முகத்தைப் பார்ப்பதே மேல். கிலுகிலுப்பையைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அதை விட்டு எங்கோ வெறிக்கத் தொடங்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் புருவத்தைச் சுற்றி லேசாகச் சிவக்கும். இதுதான் முதல் அறிகுறி. சத்தமில்லாமல் வருவதால் பெரும்பாலும் தவறிப்போகிறது, இன்னும் கொஞ்சம் விளையாட்டுக் காட்டலாம் என்று அப்போதுதான் நமக்கும் தோன்றும். கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, கொட்டாவி எல்லாம் அடுத்த கட்டம். அதையும் விட்டால் சிணுங்கி, நெளிந்து, வில்லாக வளைந்து வீறிடும். தூக்கத்துக்கு அழுகிறது என்று வீட்டில் எல்லாரும் கண்டுபிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகு தீயைக் குறைப்பது போன்றது அது. நன்றாகக் களைத்தால் நன்றாகத் தூங்கும் என்பது நம் உடம்பை வைத்து நாம் போடும் கணக்கு. எல்லை மீறிக் களைத்த குழந்தை அழுது அழுது தன்னையே உசுப்பிக்கொள்கிறது, தூக்கம் தள்ளிப்போகிறது, வந்தாலும் சீக்கிரம் கலைகிறது. அடுத்த விழிப்பே களைப்போடு தொடங்கினால் அன்றைய பகல் முழுவதும் சரிந்துவிடும்.

சரியான நேரத்தில் படுத்த குழந்தையும் அரை மணியிலோ முக்கால் மணியிலோ அசையும். இந்த இடத்தில் பெரியவர்களால் கெடும் தூக்கம் கொஞ்சநஞ்சமல்ல. நம்முடைய தூக்கச் சுற்று ஒன்று ஏறத்தாழ தொண்ணூறு நிமிடம். கைக்குழந்தைக்கு ஐம்பது அறுபது நிமிடம்தான், சமயத்தில் அதற்கும் குறைவு. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதிக்குப் பாதி அசைவு மிகுந்த தூக்கம். அப்போது மூடிய இமைக்குள் கண்மணி ஓடும். உதடு சப்புக்கொட்டும். ஒரு கணம் சிரிக்கும், அடுத்த கணமே அழப்போவதுபோல முகம் சுருங்கும். மூச்சு சீராக வராமல் விட்டுவிட்டு வரும், ஒரு முனகலும் கேட்கும். நரி விரட்டுகிறது என்று பாட்டிமார் சொல்வது இந்த நேரத்தைத்தான். பார்க்கிறவருக்கு விழித்துவிட்டதாகவே தோன்றும், ஆனால் குழந்தை தூக்கத்தில்தான் இருக்கிறது. அந்த முனகலுக்கே ஓடிப்போய்த் தூக்கினால், தானாக அடுத்த சுற்றுக்குள் போயிருக்கக்கூடிய குழந்தையை நாமே எழுப்பியவர்கள் ஆகிறோம். கண் திறந்து உண்மையாகவே அழுகிறதா என்று ஓரிரு நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். அப்படிப் பார்த்தும் எழுந்துவிட்டால் குற்றமில்லை. ஐந்து ஆறு மாதம்வரை அரை மணித் தூக்கங்கள் மிகச் சாதாரணம். இரண்டு சுற்றைச் சேர்த்துத் தூங்கும் திறன் அதன் பிறகே மெல்ல மெல்ல வருகிறது.

இனி அந்தப் பழைய ஆட்சேபம். பகலில் தூங்கினால் இரவுத் தூக்கம் போய்விடாதா? இதைச் சொல்கிறவர்கள் வெறும் மூடநம்பிக்கையில் சொல்லவில்லை, அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பார்த்தது வேறு வயதில். ஆஸ்திரேலியாவின் கேரன் தோர்ப் குழுவினர் 2015-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கியபோது, இரண்டு வயதுக்குப் பிறகும் பகலில் தூங்கும் குழந்தைகள் இரவில் தாமதமாகத் தூங்குவதும் குறைவாகத் தூங்குவதும் தெரிந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த முடிவைச் சொல்ல முடியவில்லை. இரண்டு வயதுக்கு முன்னால் பகல் தூக்கத்தை முற்றாக விட்டுவிடும் குழந்தைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள் என்று 2020-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு காட்டியது. கைக்குழந்தைக்குப் பகல் தூக்கம் உணவைப் போல் ஒரு தேவை. அதில் நடக்கும் வேலையும் சின்னதல்ல. 2015-இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆறு மாத, பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்குக் கைப்பொம்மையின் கையுறையைக் கழற்றும் வித்தையைக் காட்டினார்கள். பிறகு நான்கு மணி நேரத்துக்குள் அரை மணியாவது தூங்கியவை அதை நினைவில் வைத்துச் செய்து காட்டின. தூங்காதவற்றிடம் அந்தப் பலன் தெரியவில்லை. பகலெல்லாம் ஏதோ ஒன்றைப் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்டே இருக்கும் ஒரு மூளைக்கு, கற்றதை எடுத்துவைக்க இடையிடையே கடை சாத்த வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அந்த ஆட்சேபத்தில் ஒரு துளி உண்மை கைக்குழந்தைக்கும் பொருந்தும்: மாலை ஐந்தரைக்கு மேல் போடும் நீண்ட தூக்கம் இரவைப் பின்னுக்குத் தள்ளும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையை அந்த நேரத்தில் அரை மணிக்குள் எழுப்பிவிடுவது நல்லது. பகலில் தூங்கியதால் இரவு பத்தரைவரை முழிக்கிறது என்று சொல்கிற வீடுகளில், அந்தப் பத்தரைவரை கூடத்து விளக்கும் தொலைக்காட்சியும் அணைந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பதினேழு நாடுகளில் 29,287 சிறு குழந்தைகளின் தூக்கத்தை ஒப்பிட்ட, தூக்க ஆய்வாளர் ஜோடி மிண்டல் குழுவின் 2010 ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.27-க்குப் படுத்தார்கள், ஹாங்காங்கில் 10.17-க்கு. இந்த இடைவெளிக்குப் பகல் தூக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வீடு எப்போது அடங்குகிறதோ அப்போதுதான் குழந்தையும் அடங்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம். நம் ஊரில் பிள்ளை பெற்ற அறையை ஜன்னல் சாத்தி, திரை போட்டு, பல வாரம் மங்கலாகவே வைத்திருக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. தாய்க்கு ஓய்வு வேண்டும், காற்றும் கூட்டமும் ஆகாது என்ற காரணங்கள் புரிகின்றன. ஆனால் நாள் முழுவதும் ஒரே மங்கலில் கிடக்கும் குழந்தையின் மூளைக் கடிகாரம் எதை வைத்துப் பகலைக் கண்டுகொள்ளும்? இங்கிலாந்தின் லிவர்பூலில் யுவோன் ஹாரிசன் செய்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வாரக் குழந்தைகளில் இரவு நன்றாகத் தூங்கியவை பிற்பகலின் முதல் பகுதியில் கூடுதல் வெளிச்சம் பெற்றவையாக இருந்தன. சிறிய ஆய்வுதான், வெளிச்சம்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் செலவில்லாத காரியம். உச்சி வெயிலில் கொண்டுபோய்க் காட்டச் சொல்லவில்லை. விழித்திருக்கும் நேரத்தில் திறந்த ஜன்னலோரமோ திண்ணை நிழலோ போதும். பகல் தூக்கத்துக்கு வீட்டையே கும்மிருட்டாக்கி, குக்கர் விசிலுக்கும் காய்கறிக்காரரின் கூவலுக்கும் பதறவும் வேண்டாம். முதல் மாதங்களில் சாதாரணப் புழக்கச் சத்தத்தில் தூங்குவது, இது பகல் என்று குழந்தைக்கு வரும் இன்னொரு செய்தி. நான்கைந்து மாதத்துக்குப் பிறகு கதவு திறந்தாலே தலை திரும்பும் வயது வருகிறது, அப்போது திரையை இழுத்துவிட்டு மின்விசிறிச் சத்தத்தில் தூங்கவைப்பது உதவும். கோடையில் வெளிச்சத்தைவிடப் புழுக்கமே பெரிய எதிரி. மே மாதத்தில் குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் போட்டுப் படுக்கவைப்பது தூக்கத்தைக் கெடுப்பதோடு ஆபத்தும்கூட.

விழிப்பை முடித்துவைக்கும் விதத்தில் நம் வீடுகள் உண்மையில் கெட்டிக்கார வீடுகள். எண்ணெய் தேய்த்து, காலில் கிடத்திக் குளிப்பாட்டி, துவட்டி, பால் கொடுத்துத் தூங்கப்போடுகிற அந்தக் காலைத் தூக்கம்தான் பல குழந்தைகளுக்கு அன்றைய நாளின் மிக நீண்ட பகல் தூக்கம். டெல்லியில் ஆறு வாரக் குழந்தைகள் 125 பேரிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு வாரம் எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட குழந்தைகள் அதன்பின் நன்றாகத் தூங்கியதையும், எடை நீளம் முதலியவற்றில் நல்லெண்ணெய் தேய்த்தவை முன்னின்றதையும் காட்டியது. ஆனால் குளியல் மட்டும் மந்திரமல்ல. ஒரே வரிசையில் ஒரே காரியங்கள் நாள்தோறும் நடப்பதால் அடுத்து வருவது தூக்கம் என்று குழந்தைக்குப் பிடிபடுகிறது. மிண்டல் குழுவே 2009-இல் 405 தாய்மார்களை வைத்து நடத்திய ஆய்வில், இரவில் குளியல், உருவிவிடுதல், அமைதியான பாட்டு என்ற வரிசையைக் கடைப்பிடித்த இரண்டு வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கின, இடையில் எழுவது குறைந்தது. பகல் தூக்கத்துக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. துணி மாற்றி, திரையை இழுத்து, அதே தாலாட்டை அதே ராகத்தில் பாடினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டு நன்றாக இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. இந்த மரபில் ஒன்றை மட்டும் கைவிட வேண்டும், சாம்பிராணிப் புகையை. எந்தப் புகையும் அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

தூளிக்கு வந்தால் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பழக்கம் கெடுமா என்பது ஒன்று, ஆபத்தா என்பது மற்றொன்று. நம் வீடுகளில் முதல் கேள்வியைப் பற்றியே பேச்சு, எனக்கோ இரண்டாவதுதான் பெரிது. அசைவு தூக்கத்தை வரவழைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஜெனீவாவில் 2011-இல் பன்னிரண்டு பெரிய ஆண்களையே ஆடும் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள், அவர்களும் பிற்பகலில் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோதா குழு 2022-இல் கண்டது இன்னும் கைக்கு உதவும்: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்தால் பாதிக்கு அருகில் தூங்கிவிடுகின்றன. ஆனால் உடனே கிடத்தினால் பல விழித்துக்கொள்கின்றன. முதுகு படுக்கையில் படுவதால் அல்ல, நம் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்திலேயே அவற்றின் இதயத் துடிப்பு மாறுகிறது. தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து பிறகு கிடத்தினால் அந்தப் பிரச்சினை பெரிதும் குறைகிறது. ஆபத்து வேறு கதை. தூளி ஆழமாக வளையும்போது கழுத்து நிற்காத குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சுப்பாதை மடங்கலாம், துணி முகத்தில் ஒட்டலாம். தட்டையான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், பத்து டிகிரிக்கு மேல் சாய்வான எதிலும் தூங்கவிடக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிவுரை. மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கம் அங்கே 1994-இல் தொடங்கியபின் தூக்கத்தில் நேரும் காரணம் தெரியாத சாவுகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அந்நிய நாட்டு அறிவுரை நமக்கு எதற்கு, தலைமுறை தலைமுறையாகத் தூளியில்தானே வளர்ந்தோம் என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: அப்போது தூளிக்கு அருகில் எப்போதும் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். இன்று மோட்டார் வைத்த ஸ்பிரிங் தொட்டிலை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். ஆட்டித் தூங்கவையுங்கள், தூங்கியதும் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள் என்பதே என் முடிவு. தூளியில் விட்டே ஆக வேண்டுமென்றால் துணியை விரித்துப் பிடிக்கும் கம்பு இருக்கட்டும், முகம் தெரிகிற இடத்தில் விழித்த ஆள் ஒருவர் இருக்கட்டும்.

பழக்கம் கெடுவது பற்றி: எந்த நிலையில் தூங்கியதோ அந்த நிலையையே இடையில் விழிக்கும்போது குழந்தை தேடும், இது உண்மை. அதற்காக இரண்டு மாதக் குழந்தையை அழவிட்டுப் பழக்குவதில் பொருளில்லை, தன்னைத் தானே அமர்த்திக்கொள்ளும் திறன் அதனிடம் இன்னும் வரவில்லை. நான்கைந்து மாதத்துக்குப் பிறகு ஒரு நாளின் எல்லாத் தூக்கத்தையும் மாற்ற முயலாமல், காலையின் முதல் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கண் சொருகும் நேரத்தில், முழுதாகத் தூங்குவதற்கு முன்பே கிடத்தித் தட்டிக்கொடுத்துப் பார்க்கலாம். சில நாள் பலிக்கும், பல நாள் பலிக்காது. பலிக்காத நாளில் தோளில் போட்டுத் தூங்கவைப்பதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் முதல் சில வாரங்களில் பச்சிளங்குழந்தை பாலுக்கும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் நல்ல குழந்தை என்று மெச்சக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டிய வயது அது. எழுப்பியும் குடிக்க மறுத்தாலோ உடம்பு மஞ்சளித்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இங்கே சொன்ன மாதக் கணக்கையெல்லாம் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

முகத்தைப் பார், அறிகுறியைப் பார் என்பதெல்லாம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு, வேலைக்குப் போகிறவள் என்ன செய்வாள் என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. அது முடிகிற ஐந்தாம் ஆறாம் மாதத்தில்தான் பகல் தூக்கம் நான்கிலிருந்து மூன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. அதே சமயம் மூளைக் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிட்டதால், அட்டவணைக்கு உண்மையில் இடம் வருவதும் இந்த வயதில்தான். குழந்தையை மாமியாரிடமோ காப்பகத்திலோ விடும்போது தூங்க வேண்டிய மணியைச் சொல்வதைவிடக் காலையில் எழுந்த மணியைச் சொல்லிவிட்டு வருவது அதிகம் பயன்படும். ஆறரைக்கு எழுந்தது, எட்டரை ஒன்பதுக்குள் கண்ணைக் கசக்கும் என்று தெரிந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காலையில் எழும் நேரத்தை நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றாக வைத்தால் முதல் தூக்கம் தானாக ஒரு நேரத்தில் நிற்கும், மற்றவை அதன்பின் வரிசையில் வரும். ஒன்பதாம் மாத வாக்கில் மாலைத் தூக்கம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஒன்றேகால் வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் காலைத் தூக்கமும் போய், மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு தூக்கம் மட்டும் மிஞ்சும். அந்த மாற்றம் ஒரே நாளில் நடக்காது. சில வாரம் ஒரு நாள் இரண்டும் மறுநாள் ஒன்றுமாக இழுத்தடிக்கும். ஒன்றோடு நின்ற நாளில் மதியச் சோற்றை அரை மணி முன்னதாக ஊட்டிவிட்டு, இரவில் விளக்கையும் அரை மணி முன்னதாக அணைத்துவிட்டால் போதும்.